இந்தக் கோடையின் மூடுபனி

மே 27

காலையில் மறுபடியும் மூடுபனி. ஊரே முகம் சுளிக்கும் நாளில் எனக்கு மட்டும் கால் தரையில் நிற்பதில்லை. பாலர் பள்ளியில் மீன் சூப்பை இறக்கி வைத்துவிட்டு, பிள்ளைகள் தூங்கும் நேரத்தில் கேமராவோடு படகுத்துறை வரை ஓடிவிட்டு வந்தேன்.

பிற்பகல் எல்ஸ்பா கூப்பிட்டாள். பக்கத்து ஊர்ப் பண்பாட்டு மன்றத்தைக் கவனித்துக்கொள்பவள். கூட்டுறவுக் கடையில் தொங்கும் நான் எடுத்த படம் ஒன்றைப் பார்த்திருக்கிறாள். அக்டோபர் கடைசியில் அங்கே ஒரு கண்காட்சி. ஒரு முழுச் சுவர் எனக்கு!

"மழையும் மூடுபனியும் மட்டும்தான் வேணும். வெயில்ல எடுக்கறதுக்கு ஊர்ல ஆயிரம் பேர் இருக்காங்க. ஆனா எல்லாம் இந்த வருஷம் எடுத்ததா இருக்கணும்."

சரி என்று சொல்லிவிட்டேன். அறுபத்தொரு வயதுச் சமையல்காரிக்கு ஒரு சுவர். தும்மாஸிடம் சொன்னதற்கு, "சுவரு எவ்ளோ பெருசு?" என்றான். என் கணவனுக்கு எதையும் அளந்து பார்த்தால்தான் சந்தோஷம் வரும்.

மே 31

நல்ல மழை. மழையில் படமெடுக்க நல்ல கேமரா தேவையில்லை. நல்ல பிளாஸ்டிக் பையும், கோபப்படாத கணவனும் போதும். தும்மாஸ் குடையைக் கேமராவுக்குப் பிடித்துக்கொண்டு தான் நனைந்தான்.

வானத்தைப் பார்த்து எடுத்தால் மழை படத்தில் விழாது. பின்னால் கறுப்பு வேண்டும். தார் பூசிய தேவாலயச் சுவருக்கு எதிரே நின்று எடுத்தேன். ஆனால் கண் வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டரில் தாரைகள் தனித்தனியாகத் தெரியவில்லை, பால் கொட்டியதுபோல் இருந்தது. சாரல் மழையாக இருக்கும்.

"முடிஞ்சுதா? எனக்கு உள்சட்ட வரைக்கும் வந்துருச்சு."

"இன்னும் ஒண்ணே ஒண்ணு."

"இத நீ கல்யாணத்துக்கு முன்னாடியே சொல்லிருக்கணும்."

ஜூன் 12

அடர்ந்த பனி. பள்ளி விடுமுறை விட்டதால் முழு நாளும் என்னுடையது.

மூடுபனியில் கேமரா சொல்வதை நம்பக்கூடாது. அவ்வளவு வெள்ளையைப் பார்த்து அது மிரண்டுபோய் எல்லாவற்றையும் சாம்பலாக்கிவிடும். நாமாக வெளிச்சத்தைக் கூட்டி வைக்க வேண்டும். தூரத்தில் இருப்பதை விட்டுவிட்டு, பக்கத்தில் ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இன்று வேலிக்கம்பம் ஒன்றைப் பிடித்தேன். கம்பியில் சிக்கிய கம்பளி இழை, பின்னால் ஒன்றுமே இல்லை, வெறும் வெள்ளை. எனக்கே பிடித்துப்போயிற்று.

சாயங்காலம் தங்கை தூரி வந்தாள். மூக்கு சிவந்து தோல் உரிந்திருந்தது. சால்மன் பண்ணையில் நாள் முழுக்க வெயிலாம். மலைக்கு அந்தப் பக்கம் வெயில், இந்தப் பக்கம் பனி. எங்கள் தீவில் இதெல்லாம் ஒரு அதிசயமா?

ஜூன் 19

பனி. துவைத்த துணி எப்படித்தான் இதில் காய்ந்ததோ!

ஜூன் 24

வ்யூஃபைண்டரில் எண்ணெய் தடவியதுபோல் இருக்கிறது. தும்மாஸ் என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"எதால தொடைக்கிற?"

"சட்டக் கையால."

"அந்தக் கம்பளிச் சட்டையாலயா? அதுல இன்னும் ஆட்டுக் கொழுப்பு போகவே இல்லயேடி. கண்ணாடிக்கு நெய் தடவிக்கிட்டு இருக்க நீ."

மானம் போயிற்று. கொழுப்பு போகாத கம்பளியால் லென்ஸைத் துடைப்பவள் இந்த ஊர்க்காரியாகத்தான் இருப்பாள். மழை நீர் உள்ளே போகாமலிருக்க அந்தக் கொழுப்பு நல்லது என்று நானே அதை வெறும் தண்ணீரில் அலசி உடுத்துகிறேன். லென்ஸைச் சுத்தமாகத் துடைத்துப் பார்த்தேன். கொஞ்சம் தேவலை என்று நினைக்கிறேன். தேவலையா?

ஜூன் 28

தலைநகர் தோர்ஷவுன் போய்விட்டு வந்தோம். ஒரே தடம் கொண்ட சுரங்கத்தில் எதிரே வந்த வண்டிகளின் விளக்கு ஒவ்வொன்றும் பஞ்சு சுற்றியதுபோல் வந்தது. முன்கண்ணாடியைக் கழுவி எத்தனை நாளாகிறது என்று தும்மாஸைக் கேட்டேன். வழியில் இறங்கிக் கழுவினான். திரும்பும்போதும் பஞ்சு. மறுபடி திட்டினேன். இரண்டாவது தடவையும் இறங்கிக் கழுவினான்.

ஜூலை 1

நல்லதாகப் பொறுக்கி எல்ஸ்பாவுக்கு அனுப்பிவிட்டேன். கம்பம், கிடா, தும்மாஸின் முதுகு, கவிழ்த்த படகு. எல்லாம் மூடுபனி. இதைவிட நன்றாக நான் எடுத்ததில்லை.

ஜூலை 4

இன்றைக்கு நடந்ததை எழுத வேண்டுமா? எழுதித்தான் ஆக வேண்டும்.

இன்று உரோமம் வெட்ட ஆட்டை மலையிலிருந்து ஓட்டிவரும் நாள். எங்கள் வீடு ஊரிலேயே மேட்டில் இருக்கிறது. சமையலறை ஜன்னலில் மலை முழுசாகத் தெரியும். மந்தைக்குப் பொறுப்பாளன் நிக்லாஸின் வீடோ கடலோரச் சரிவின் அடியில், அங்கிருந்து உச்சி தெரியாது. அதனால் ஓட்டும் நாளன்று அதிகாலையில் அவன் எனக்குப் போன் போடுவது வழக்கம். நான் சொல்வதுதான் முடிவு. என் மாமியாரிடமும் அப்படித்தான் கேட்பார்கள்.

"மல எப்பிடி இருக்கு, மர்யுன்?"

"மலையோட இடுப்பு வரைக்கும் பனி எறங்கியிருக்கு. மேல போனீங்கன்னா ஆட்டோட நாயையும் தொலைச்சுட்டு வருவீங்க."

"சரி, விட்ருவோம்."

விட்டுவிட்டார்கள். லீவு போட்டுவிட்டு வந்தவர்கள் சிலர் மீன் பிடிக்கப் போனார்கள், சிலர் வேலைக்கே திரும்பினார்கள். நேற்றே படகில் போன தும்மாஸ் மதியம் கரைக்கு வந்தான். வரும்போதே முகம் சரியில்லை.

"ஆட்ட ஓட்டறது ஏன் நின்னுது?"

"பனி."

"மர்யுன், கடல்லேர்ந்து மல உச்சியில நிக்கிற ஆட்ட எண்ணிக்கிட்டு வந்தேன் நான்."

நிக்லாஸ் வாசலுக்கே வந்துவிட்டான். மலையைக் காட்டினான், சூரியனைக் காட்டினான். "ராத்திரி என்ன குடிச்ச?" என்று சிரித்துக்கொண்டேதான் கேட்டான். ஆனால் எல்லாருடைய ஒரு நாளும் வீணாய்ப் போயிற்று. இனி எல்லாரும் சேர்ந்து லீவு எடுக்க இன்னொரு நாள் பார்க்க வேண்டும்.

காலையில் பனி இருந்தது. நான் பார்த்தேன். என் ரெண்டு கண்ணால பார்த்தேன்.

ஜூலை 5

கடைக்குப் போனால் பேச்சு நிற்கிறது. நிற்கட்டும். நான் என்ன பொய்யா சொன்னேன்? எனக்கென்ன, ஆட்டோட பகையா? ஒருத்தராவது காலைல எழுந்து பார்த்தீங்களா? இல்ல. பார்க்காதவன் எல்லாம் வந்து பேசுறான்.

ஜூலை 6

எல்ஸ்பா கூப்பிட்டாள். தயங்கித் தயங்கிப் பேசினாள்.

"படமெல்லாம் நல்லாத்தான் இருக்கு… ஆனா பனி எங்க? எல்லாமே பளிச்சுனு வெயில்ல வெந்த மாதிரி இருக்கே."

வேறு யாருடைய படத்தையோ பார்க்கிறாள் என்று சொன்னேன். கம்பளி இழை சிக்கிய வேலிக்கம்பமா என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

"அதுக்குப் பின்னாடி ஊரே தெரியுதே. துணி காயுது, டிராக்டர் நிக்குது. அப்புறம் ஒரு ஆளு… கொட்டகை ஓரமா, நமக்கு முதுகக் காட்டிக்கிட்டு… வேணாம், நான் சொல்லல."

போனை வைத்துவிட்டேன். ஒருத்தர் கேலி செய்யலாம், ஊரே சேர்ந்து கேலி செய்யலாம். பக்கத்து ஊர்க்காரிக்கு என்ன வந்தது?

ஜூலை 7

தூரி வந்து வாசற்படியில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். வழக்கமாக வந்ததும் வராததுமாகக் காபி கேட்பாள். இன்று கேட்கவில்லை.

"அக்கா, எதிர்த் தீவு தெரியுதா உனக்கு?"

"பனியில எங்க தெரியும்?"

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். சின்ன வயதில்கூட அவள் என் கையைப் பிடித்ததில்லை, நான்தான் அவளை இழுத்துக்கொண்டு போவேன்.

"பனியே இல்லக்கா. இந்தக் கோடையே அப்படித்தான். இத்தன வெயில் அடிச்ச வருஷம் எனக்கு ஞாபகமே இல்ல."

திட்டத்தான் வாயைத் திறந்தேன். அப்போது துணி ஞாபகம் வந்தது. சுரங்கத்து விளக்குகள். அவள் மூக்கு.

எழுந்து உள்ளே போய் அடுப்பைத் துடைத்தேன். துடைத்துக்கொண்டே அழுதேன். வேறு ஊரில் பிறந்திருந்தால் முதல் வாரமே டாக்டரிடம் ஓடியிருப்பேன். இங்கே பிறந்தவளுக்கு எதிரே ஒன்றும் தெரியவில்லை என்றால் சந்தேகமா வரும்? வானிலை என்றுதான் நினைத்தேன்.

ஜூலை 15

கண்புரை. இரண்டு கண்ணிலும். கண் டாக்டர் சின்னப் பெண், என் நெற்றியைப் பிடித்துக்கொண்டு விளக்கை அடித்துப் பார்த்தாள்.

"எவ்ளோ நாளா மங்கலா இருக்கு?"

"மங்கலா இல்ல. பனியாத்தான் இருந்துச்சு."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டாள். "இங்க வர்றவங்கள்ல பாதிப் பேரு இதத்தான் சொல்றாங்க. பயப்படாதீங்க, எடுத்துடலாம்" என்றாள். என்னைப்போல் இன்னும் பலர் இருக்கிறார்கள் என்பதில் ஒரு அற்ப சந்தோஷம்.

திரும்பும் வழியில் தும்மாஸ்தான் வண்டி ஓட்டினான். சுரங்கம் வந்ததும், "நான் ரெண்டு தடவ கண்ணாடி கழுவினேன்" என்றான். அவ்வளவுதான். இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

ஜூலை 20

இன்னொரு நாள் குறித்து ஆட்டை ஓட்டி முடித்துவிட்டார்கள். எனக்குப் போன் வரவில்லை. நிக்லாஸ் தும்மாஸிடம்தான் கேட்டான். சரிதான், ஆனாலும் வலித்தது.

சிரித்ததெல்லாம் பகலில். மனசுக்குள் ஒன்று அரிக்கிறது. அதைத் தூரியிடம்கூடச் சொல்லவில்லை. கண்ணைச் சரி செய்துவிடுவார்கள், அது இல்லை. அந்த வெள்ளையில் ஒரு கம்பம் மட்டும் நின்றதே, அதைப் பார்த்து எனக்கு நெஞ்சு நிறைந்ததே. நான் பார்த்த அழகு அத்தனையும் வியாதிதானா? புரையை எடுத்த பிறகு என்னிடம் என்ன மிச்சமிருக்கும்? ஒரு வெறும் சமையல்காரியும் ஒரு வெறும் சுவருமா?

ஆகஸ்ட் 27

நாளை வலது கண். தூரி கூட வருகிறாள். தும்மாஸுக்கு ஊசி என்ற பேச்சைக் கேட்டாலே மயக்கம். ஒரு கிடாவைத் தனியாக அறுத்துத் தோலுரிப்பவன்.

ஆகஸ்ட் 29

கட்டைப் பிரித்தார்கள்.

நீலம்! நீலம் என்று ஒரு நிறம் இருப்பதையே மறந்திருந்தேன். மருத்துவமனைத் திரைச்சீலை ஒன்றைப் பார்த்துக் கண்ணீர் விட்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

வீட்டுக்கு வந்தேன். தும்மாஸ் வாசலில் நின்றான். எப்போது இவ்வளவு நரைத்தான்? நான் சொல்லவில்லை. பிறகு குளியலறைக் கண்ணாடியில் என்னைப் பார்த்தேன். அதையும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு சமையலறை மூலைகளைப் பார்த்தேன். வாளியும் துணியும் எடுக்கப் போனவளைத் தூரி பிடித்து உட்காரவைத்தாள், குனியக்கூடாதாம்.

இடது கண்ணை மூடினால் ஊர். வலது கண்ணை மூடினால் என் கோடை. மாற்றி மாற்றி மூடிக்கொண்டு ஜன்னலில் நின்றேன். இடது கண்ணில் இன்னும் அழகாகத்தான் இருக்கிறது, அதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

செப்டம்பர் 2

இன்று தைரியம் வந்து படங்களைத் திறந்தேன், தூரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு.

கடவுளே! நான் தவம் செய்வதுபோல் நின்று எடுத்த கிடாவுக்குப் பின்னால், பாதிரியாரின் மனைவி உள்ளாடையைக் கொடியில் போடுகிறாள். கவிழ்த்த படகுக்குப் பின்னால் இரண்டு பையன்கள் கட்டிப் புரண்டு சண்டை. வேலிக்கம்பத்துக்குப் பின்னால் நிக்லாஸ். கொட்டகை ஓரமாக ஒன்றுக்கு ஒதுங்கியிருக்கிறான். முதுகு மட்டும்தான், ஆனால் யாருடைய முதுகு என்று ஊருக்கே தெரியும்.

"என்ன குடிச்சன்னு கேட்டான்ல? இவன் என்ன குடிச்சான்னு இப்ப தெரிஞ்சுபோச்சு" என்றாள் தூரி. அவள் நாற்காலியிலிருந்து விழாத குறை.

தும்மாஸின் முதுகுப் படம் மட்டும் என்னைச் சிரிக்க விடவில்லை. நான் வெள்ளை என்று நினைத்த இடத்தில், முழு வெளிச்சத்தில், வயல் வயலாக ஊர் கிடந்தது. அதற்கு முன்னால் இவன், வெயிலில் எனக்காகக் குடையோடு நிற்கிறான். பனி இல்லை என்று அவனுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. கேட்டேன்.

"நீ ஆசையா எடுத்துக்கிட்டு இருந்த. கலையில அப்படித்தான் போலன்னு நெனச்சேன்."

முட்டாள். என் முட்டாள்.

செப்டம்பர் 12

இடது கண்ணும் முடிந்தது. எல்ஸ்பாவிடம் நடந்ததை அப்படியே சொன்னேன். அவள் கோபப்படவில்லை. "அந்தப் படங்களையே மாட்டுவோம், ஜனங்க விழுந்து விழுந்து சிரிப்பாங்க" என்றாள். வேண்டாம் என்றேன். என்னிடம் கேட்டது பனி. பனியைத் தருகிறேன், இல்லாவிட்டால் சுவர் காலியாகக் கிடக்கட்டும்.

"அக்டோபர் பத்தொம்பதுக்குள்ள கைக்கு வரணும்" என்றாள்.

செப்டம்பர் 21

வெயில்.

செப்டம்பர் 26

வெயில். எங்கள் ஊரில்! கோடையில்தான் மூடுபனி வரும், இலையுதிர்காலத்தில் அதிகம் வராது. அது எனக்குத் தெரியாதா? வானொலியில் வானிலை சொல்பவன் குரலிலேயே குதூகலம். அணைத்துவிட்டேன்.

அக்டோபர் 3

மழை!! கடற்காற்றோடு சாய்ந்து வந்தது. அதே தேவாலயச் சுவர், அதே குடை. இந்தத் தடவை ஒவ்வொரு தாரையும் தனித்தனியாகத் தெரிந்தது, கறுப்புத் துணியில் வெள்ளை நூல் இழுத்ததுபோல். தரையில் விழுந்து எழும்பும் துளியைக்கூட எடுத்தேன். மே மாதத்தில் எடுத்ததையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இதுதான் நல்ல படம். சந்தேகமே இல்லை.

ஆனால் பனி? பனிக்கு மட்டும் இன்னும் பதில் இல்லை.

அக்டோபர் 11

பிடிவாதத்தைக் கொஞ்சம் தளர்த்தினேன். கோடைப் படங்களில் சிலவற்றை ஓரத்தில் மாட்டச் சொல்லிவிட்டேன். அவை பொய் இல்லை, நான் பார்க்காமல் எடுத்த உண்மை. பாதிரியாரின் மனைவியிடம் கேட்டேன், "உள்ளாடை சுத்தமாத்தான இருக்கு, மாட்டு" என்றாள். நிக்லாஸ் படத்தை மட்டும் கொடுக்கவில்லை. அவன் மனைவியே கேட்டு வாங்கிக்கொண்டு போய் சமையலறையில் மாட்டிவிட்டாள்.

ஒரு பக்கம் மழை, ஒரு பக்கம் வெயில். நடுவில் பெரிய படத்துக்கு இடம் விட்டிருக்கிறாள் எல்ஸ்பா.

அக்டோபர் 15

தெளிந்த வானம். தும்மாஸ் கேட்டான், "நான் வேணா கொட்டகையில பச்ச விறகப் போட்டுப் புகை போடட்டுமா?" உண்மையாகவே கேட்டான்.

அக்டோபர் 18

காலையில் எழுந்தபோது ஜன்னலில் ஒன்றும் இல்லை. மலை இல்லை, வேலி இல்லை, கொடிக்கயிறு இல்லை.

சந்தோஷப்படவில்லை, பயந்தேன். திரும்ப வந்துவிட்டதா? டாக்டர் ஏதோ சொன்னாளே, சிலருக்கு மறுபடி மங்கலாகும் என்று. தும்மாஸ் விடிவதற்கு முன்பே படகுத்துறைக்குப் போயிருந்தான். கேட்க ஆளில்லை. மேஜையைப் பார்த்தேன், ரொட்டித் துணுக்குகூடத் தெரிந்தது. வெளியே பார்த்தேன், வெள்ளை. இந்தக் கோடை வரை நான் இப்படி என்னையே கேட்டுக்கொண்டதில்லை. வெள்ளை என்றால் பனி, அவ்வளவுதான்.

தூரிக்குப் போன் போட்டேன். பனி இருக்கிறதா என்று கேட்கவில்லை. வாய் வரவில்லை. "மேல வரைக்கும் நடந்துட்டு வரலாமா?" என்று மட்டும் கேட்டேன். வந்தாள். நன்றாக மூடிய தலை, கையில் காபிக் குடுவை. வந்தவள் வானிலையைப் பற்றி ஒன்றும் பேசவில்லை, கன்று போட்ட மாட்டைப் பற்றி யாரோ சொன்னதைச் சொல்லிக்கொண்டே வந்தாள். நானும் கேட்கவில்லை.

ஓடைக்கு மேலே ஏறியதும் முன்னால் நடந்தேன். இது என் கோடைப் பனிபோல் இல்லை. அது அசையாது, சுவர்போல நிற்கும். இது நகர்ந்தது. ஒரு பக்கம் கிழிந்தது, மறுபக்கம் மூடியது, காலடிப் புல்லில் நீலமாகவும் தலைக்கு மேலே மஞ்சளாகவும் இருந்தது. சட்டைக் கையின் ஒவ்வொரு உரோமத்திலும் ஒரு துளி. நெஞ்சு நிறைந்தது. அந்தக் கம்பத்தின் முன்னால் நிறைந்ததே, அதே மாதிரி, அதைவிடக் கூடுதலாக. கேமராவைக் கண்ணுக்கு எடுத்தேன். வெளிச்சத்தைக் கூட்டினேன். ஆனால் விரல் அழுத்தவில்லை. எனக்கு மட்டும்தானா இது?

அப்போது பின்னாலிருந்து தூரி கத்தினாள். மாட்டுக் கதை பாதியில் நின்றது.

"அக்கா! எங்க இருக்க? நில்லுக்கா, எனக்கு ஒண்ணுமே தெரியல!"

நான் பதில் சொல்லாமல் ஒரு மூச்சு அப்படியே நின்றேன். பாவம், பயந்திருப்பாள். என்ன செய்ய, அந்தக் குரலை இன்னொரு தடவை கேட்க வேண்டும்போல் இருந்தது.

"அக்கா! காது கேக்குதா? உன்னத் தெரியலக்கா எனக்கு!"

"எனக்கும்தான்டி!" என்று கத்தினேன். "எனக்கும் ஒண்ணும் தெரியலடி!"

சிரித்துக்கொண்டே அழுத்தினேன். வெள்ளைக்குள்ளிருந்து தூரி கொஞ்சம் கொஞ்சமாக வந்தாள். முதலில் ஒரு கறுப்பு, பிறகு தலைத்துணி, பிறகு அவள் திட்டு. கடைசியில்தான் முகம். அதுவரை எடுத்துக்கொண்டே இருந்தேன்.